க்ளாக் எப்படி டாக் ஆனது: ஒரு குறும்பு எழுத்துருவை வரைந்து திருத்திய கதை

சுவரொட்டியை ஒட்டி முடித்துவிட்டு, நாலடி பின்னால் வந்து நின்று ரசித்துக்கொண்டிருந்தேன். குழந்தைகள் நாடகம் ஒன்றுக்காகச் செய்தது. தலைப்பில் ‘க்ளாக்’ என்ற ஆங்கிலச் சொல், முழுவதும் சின்ன எழுத்தில், நானே வரைந்த எழுத்துருவில். வழியே போன ஒருவர் நின்று பார்த்தார். “துறைமுகத்தில் நடக்கிற கதையா?” என்று கேட்டார்.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் கண்ணில் பட்டது. சி எழுத்தின் வாலில் ஆசை ஆசையாய்ச் சுருட்டிவிட்டிருந்த கொடி, பக்கத்தில் நின்ற எல் எழுத்தின் பாதத்தில் போய் ஒட்டியிருந்தது. சின்ன சி, சின்ன எல் இரண்டும் ஒட்டினால் சின்ன டி. க்ளாக், டாக் ஆகிவிட்டது. கடிகாரத்தைப் பற்றிய நாடகம் கப்பல் துறைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆறு மாதம் உட்கார்ந்து வரைந்த எழுத்துரு அது. அந்தக் கேள்விக்குப் பிறகு இன்னும் எட்டு மாதம் அதிலேயே கிடந்தேன். இந்த வேலையில் நான் கற்றதில் முக்கால்வாசி அந்த எட்டு மாதத்தில் கற்றதுதான்.

எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று ஒரு வார்த்தை. ஆங்கில எழுத்தின் தண்டு முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு பாதம் இருக்குமே, அது செரிஃப். நாளிதழ் எழுத்தில் அது அடக்கமாக இருக்கும். குறும்பான அலங்கார எழுத்துருவில் அந்தப் பாதம் சுருளும், குமிழாகும், இலையாய் விரியும். தண்டு லேசாகச் சாயும், எழுத்துகள் வரிசையில் நிற்காமல் கொஞ்சம் குதிக்கும். பத்தி பத்தியாகப் படிக்க இது ஆகாது. தலைப்புக்கு, அட்டைக்கு, பலகைக்கு என்று பெரிய அளவில் வைக்கவே பிறந்தது. இதைத்தான் டிஸ்ப்ளே எழுத்துரு என்கிறார்கள்.

நான் தொடங்கிய விதமே தவறு. ஒரு தாளை எடுத்து ஏ முதல் இசட் வரை ஒவ்வொன்றாக அழகுபடுத்தினேன். பெரிய ஏ குறுக்குக் கம்பியில் ஒரு அலை. பி வயிற்றுக்குள் ஒரு சுருள். ஈ எழுத்தின் நாக்கில் ஒரு குமிழ். ஒவ்வொரு எழுத்தையும் தனியாகப் பார்த்தால் சட்டம் போட்டு மாட்டலாம் போலிருந்தது. சொல்லாகக் கோத்ததும் சந்தைக்கடை. எல்லோரும் பல்லக்கில் ஏறினால் தூக்குகிறவர் யார் என்பார்களே, அந்தக் கதை. என் எழுத்துருவில் ஐம்பத்திரண்டு பேரும் பல்லக்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

திருத்த ஆரம்பித்தபோது முதலில் செய்தது, பேனாவைக் கீழே வைத்துவிட்டு மற்றவர்கள் செய்ததைப் பார்த்ததுதான். சுருள் பாதம் புதிதில்லை. 4-ஆம் நூற்றாண்டில் போப் முதலாம் டமாசஸ் தியாகிகளின் கல்லறைகளுக்காக எழுதிய கவிதைகள் ரோமில் கல்வெட்டுகளாக இருக்கின்றன. அவற்றின் எழுத்தை வடிவமைத்தவர் ஃபிலோகாலஸ். பாத முனைகளை மெல்லிய கொக்கியாகச் சுருட்டியிருப்பார். ஆனால் தண்டுகளைப் பாருங்கள், அசையாமல் நிற்கும். சுருள் முனையில் மட்டும். உடம்பு முழுக்க விறைப்பு, விரல் நுனியில் மட்டும் விளையாட்டு.

அங்கிருந்து ஒரே தாவாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வந்தேன். அமெரிக்காவில் டேரியஸ் வெல்ஸ் மரத்தில் எழுத்துகளை இயந்திரத்தால் குடைந்து, 1828-இல் மாதிரிப் பட்டியலே வெளியிட்டார். 1834-இல் வில்லியம் லெவன்வொர்த் பாண்டோகிராஃப் என்ற கருவியை அதோடு சேர்த்தார். ஒரு வரைபடம் இருந்தால் போதும், எந்த அளவிலும் வெட்டலாம். சுவரொட்டி எழுத்துகளில் கொம்பும் கொடியும் பெருகியது இதற்குப் பிறகுதான். ஈய எழுத்தைப் பெரிதாக வார்த்தால் கனம் தாங்காது, மரம் தாங்கும். பெரிய அளவு கைக்கு வந்ததும் அலங்காரமும் கூடவே வந்தது. இது எனக்கு உறைக்க நாளானது. சுருளை வரைவதற்கு முன்பே, அது எந்த அளவில் நிற்கப்போகிறது என்று முடிவு செய்திருக்க வேண்டும். நான் கணினித் திரையில் ஒரு எழுத்தை முழுத்திரைக்குப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வரைந்திருந்தேன்.

அருகில் இருக்கிற உதாரணங்களும் உதவின. 1922-இல் வந்த கூப்பர் பிளாக் எழுத்துருவில் ஒரு கூர்முனை கிடையாது, எல்லாம் மாவு உருண்டை மாதிரி. ஆனாலும் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் தாளம் ஒரே சீர். 1995-இல் கார்ல் கிராஸ்குரோவும் ஸ்டீவ் மேட்டசனும் செய்த கர்ல்ஸ், பெயருக்கேற்பச் சுருள் நிறைந்தது, பலர் கேலி செய்கிற எழுத்துரு. நானும் செய்திருக்கிறேன். சுருள் வரைய உட்கார்ந்த பிறகு கேலி செய்வதை நிறுத்திவிட்டேன்.

சரி, எலும்புக்கூட்டுக்கு வருகிறேன். எல்லாச் சுருளையும் நீக்கிவிட்டுச் சாதாரண செரிஃப் எழுத்தாக முதலில் என், ஓ, எச், பி நான்கை மட்டும் சரிசெய்தேன். எழுத்துரு மென்பொருளில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டத்துக்குள் உட்காரும். அந்தக் கட்டத்தின் உயரத்தைப் பெரும்பாலும் 1000 அலகு என்று வைப்பார்கள். என் கனத்த தண்டு 92 அலகு, மெல்லிய கோடு 18 அலகு. பெரிதாக்கிப் பார்க்கும்போது 18 அலகுக் கோடு பட்டு நூல் மாதிரி இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். எழுத்து 72 பிக்சலில் நின்றால் அந்தக் கோடு 1.3 பிக்சல், பரவாயில்லை. 24 பிக்சலில் 0.43 பிக்சல், அதாவது சாம்பல் நிறப் புகை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக அச்சடித்தபோது மை பரவி கோடே காணாமல் போனது. கடைசியில் 34-க்கு ஏற்றினேன். திரையில் கொஞ்சம் முரடாகத் தெரிகிறது, தாளில் உயிரோடு இருக்கிறது.

இதே அளவில் சுருளின் உள்ளே இருக்கிற வெள்ளையும் முக்கியம். சுருளின் வளையங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி, சுருளின் கோட்டைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு இருக்கட்டும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். அதற்குக் கீழே போனால் சுருள் மச்சமாகிவிடுகிறது. ஒன்றரைச் சுற்றுக்கு மேல் நான் சுற்றுவதும் இல்லை இப்போது.

அடுத்த கேள்வி, யாருக்குக் குறும்பு, யாருக்கு அடக்கம். இதற்கு எனக்குக் கிடைத்த பதில் எளிது. ஆங்கிலத்தில் ஈ, டீ, ஏ, ஓ, ஐ, என் ஆகியவை அதிகம் வரும் எழுத்துகள். க்யூ, இசட், ஜே, எக்ஸ் அபூர்வமாக வரும். முதல் பதிப்பில் ஈ எழுத்தின் நாக்கில் குமிழ் வைத்திருந்தேன் அல்லவா? ‘த்ரீ பீஸ்’ என்று மூன்று தேனீக்களைப் பற்றி இரண்டே சொல் எழுதினால் நான்கு குமிழ்கள் வந்து விழும். முதல் குமிழ் சிரிக்க வைக்கும், நான்காவது எரிச்சல். அதனால் அடிக்கடி வருகிறவர்களுக்கு லேசான சாய்வும் உருண்டையான பாதமும் மட்டும் தந்தேன். அபூர்வமானவர்களுக்குத் தாராளம். க்யூ எழுத்தின் வால் இரண்டு எழுத்து தூரம் ஓடுகிறது, ஓடட்டும், வருஷத்துக்கு ஒரு தடவைதானே வருகிறது.

இன்னொன்று, சுருள் எங்கே முளைக்கலாம் என்பது. பேனா இயல்பாகத் தாளை விட்டு எழும்பும் இடத்தில் முளைத்தால் கண் ஒப்புக்கொள்கிறது: ஆர் எழுத்தின் கால், ஒய், ஜி இவற்றின் வால், கே எழுத்தின் கை. தண்டின் நடுவில் முளைத்தால் கட்டி மாதிரி இருக்கிறது. பி எழுத்தின் வயிற்றுக்குள் நான் வைத்த சுருளை எடுத்தபோது மனசு கஷ்டப்பட்டது. எடுத்தபின் பி எழுத்து முதல்முறையாக மூச்சு விட்டது.

குதிக்கிற எழுத்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓ மாதிரி உருண்டை எழுத்துகள், மற்றவற்றோடு சமமாகத் தெரிய, அடிக்கோட்டுக்குக் கீழே பத்துப் பதினைந்து அலகு இறங்கித்தான் நிற்கும். எல்லா எழுத்துருவிலும் அப்படித்தான். நான் குறும்புக்காகச் சில எழுத்துகளை இருபது அலகு தூக்கியும் இறக்கியும் வைத்தேன். அது குறும்பாகத் தெரியவில்லை, கைத்தவறாகத் தெரிந்தது. நாற்பதைத் தாண்டியதும்தான் ‘வேண்டுமென்றே செய்திருக்கிறான்’ என்று கண் ஏற்றுக்கொண்டது. சாய்வும் அப்படியே. ஒரு டிகிரி சாய்த்தால் கோணல், மூன்று டிகிரி சாய்த்தால் நடனம். செய்தால் தைரியமாகச் செய்ய வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

தைரியமாகச் செய்தால் வேறு ஒரு வம்பு வரும். ஒரே எழுத்து இரண்டு பக்கத்தில் பக்கத்தில் வந்தால் இரண்டும் ஒரே பக்கம் ஒரே அளவு சாயும். கையால் எழுதினது போன்ற மயக்கம் அங்கே உடைந்துபோகும். இரட்டையாக வரக்கூடிய எழுத்துகளுக்கு இரண்டாவது வடிவம் ஒன்று வரைந்து, ஓப்பன்டைப் என்கிற எழுத்துருக் கோப்பு வடிவத்தில் இருக்கும் ‘சூழலுக்கேற்ற மாற்று’ வசதியில் விதி எழுதினேன். ஓ-வுக்குப் பின் ஓ வந்தால் இரண்டாவது ஓ எதிர்ப்பக்கம் சாயும். இந்த வசதி பெரும்பாலான செயலிகளில் தானாகவே இயங்கும். ஸ்வாஷ் என்கிற நீட்டு வால் வடிவங்களைப் பயனர் தானே போய் இயக்க வேண்டும். அதனால் வாசிப்புக்குத் தேவையானதை முதல் வசதியிலும், ஆடம்பரத்தை இரண்டாவதிலும் வைப்பது நல்லது. நான் முதலில் மாற்றி வைத்திருந்தேன். கேட்காதவர்களுக்கெல்லாம் வால் முளைத்தது.

வரைகோடு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பொறுமையைத் தவிர அதில் பெரிய ரகசியம் இல்லை. தாளில் வரைந்த சுருளை ஸ்கேன் செய்து தானியங்கிக் கருவியால் கோடாக மாற்றினேன். கோட்டின் வளைவைப் பிடித்து வைக்கும் புள்ளிகள் ஒரு சுருளுக்கு நூற்றைம்பது வந்தன. பெரிய அளவில் அடித்தால் விளிம்பு நெளிந்தது. ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்தில் கொடுத்தபோது கத்தி ஒவ்வொரு புள்ளியிலும் தயங்கித் தயங்கி நின்றது. கையால் திரும்ப வரைந்தேன், வளைவின் மேல், கீழ், இடது, வலது உச்சிகளில் மட்டும் புள்ளி. அதே சுருள் பதினான்கு புள்ளியில் முடிந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த வடிவங்களைக் கடைசியில் ஒன்றிணைக்க மறந்துவிடாதீர்கள். மறந்தால் வெட்டும் கத்தி எழுத்துக்குள்ளேயே குறுக்கே ஓடும்.

இப்போது டாக் பிரச்சினைக்கு வருகிறேன்: எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் வெள்ளை.

சாதாரண எழுத்துருவில் எழுத்தின் இடது வலது விளிம்பிலிருந்து இடைவெளியை அளப்பார்கள். சுருள் உள்ள எழுத்தில் எது விளிம்பு? நான் சுருளின் நுனியிலிருந்து அளந்தேன். விளைவு, சுருள் இருக்கிற இடமெல்லாம் ஓட்டைப் பல் மாதிரி வெற்றிடம். அதைச் சரிக்கட்ட ஜோடி ஜோடியாகக் கெர்னிங் கொடுத்து, அதாவது குறிப்பிட்ட இரண்டு எழுத்துகளுக்கு நடுவே மட்டும் இடைவெளியை மாற்றி, நெருக்கினேன். ஆயிரத்துச் சொச்சம் ஜோடி. அந்த நெருக்கலில்தான் சி போய் எல் காலைப் பிடித்தது.

சரியான வழி, சுருளே இல்லை என்று நினைத்துக்கொண்டு தண்டிலிருந்து அளப்பது. முதலில் எலும்புக்கூடுகளை மட்டும் வரிசையாக நிற்க வைக்க வேண்டும். என்-என்-ஓ-என்-ஓ-ஓ என்று தட்டி, நடுவே உள்ள வெள்ளைகள் ஒரே அளவில் தண்ணீர் ஊற்றினது போல் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் சுருளைத் திரும்ப ஒட்டினால் அது பக்கத்து வீட்டு எல்லைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். நிற்கட்டும். யார் வீட்டுக்குள் நீட்டலாம், யார் வீட்டுக்குள் நீட்டக் கூடாது என்பதுதான் அடுத்த வேலை. இந்த முறையில் எனக்குக் கெர்னிங் ஜோடிகள் முந்நூறுக்குள் அடங்கின. உருவம் ஒத்த எழுத்துகளை ஒரு குழுவாகக் கட்டினால் இன்னும் குறையும். இடப்பக்கத்தைப் பொறுத்தவரை என், எம், ஆர் மூன்றும் ஒரே குடும்பம்.

சி-எல் மோதலைக் கெர்னிங்கால் தீர்க்க முடியவில்லை. தள்ளி வைத்தால் சொல் இரண்டாகப் பிளந்தது. சுருள் இல்லாத இன்னொரு சி வரைந்து, அடுத்து பி, எச், கே, எல் என உயர்ந்த தண்டுள்ள எழுத்து வந்தால் அதைப் போடு என்று விதி எழுதினேன். தீர்ந்தது. இதே கண்ணோடு தேடியபோது இன்னும் பல பேர் ஒளிந்திருந்தார்கள். ஆர், என் இரண்டும் நெருங்கினால் எம். பெரிய டீ எழுத்தின் ஒரு பக்கக் கம்பியை அதிகமாகச் சுருட்டினால் ஜே. பெரிய ஐ, சின்ன எல், ஒன்று என்ற எண், மூன்றும் ஒரே முகம். குறும்பு எழுத்தில் இந்தக் குழப்பம் இரட்டிப்பாகும், ஏனென்றால் வாசகர் ஏற்கெனவே ‘இந்த நீட்டல் எழுத்தின் பகுதியா, அலங்காரமா’ என்று ஊகித்துக்கொண்டிருக்கிறார்.

சோதனைக்கு எல்லோரும் ‘ஹாம்பர்ஜெஃபோன்ஸ்டிவ்’ என்ற அர்த்தமில்லாத சொல்லைத் தட்டிப் பார்ப்பார்கள். பத்தி எழுத்துக்கு அது போதும். அதில் இரட்டை எழுத்தும் கிடையாது, சி-எல் ஜோடியும் கிடையாது. தலைப்பில் வரக்கூடிய நிஜச் சொற்கள் இருநூறு, முந்நூறு எடுத்துப் பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தச் சொல் என்னவென்று தெரியாத ஒருவரிடம் மூன்றடி தள்ளி நின்று சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நமக்குச் சொல் முன்கூட்டியே தெரியும் என்பதால் நம் கண் நமக்கு உதவாது. நான் சுவரொட்டியை வீட்டில் இருபது தடவையாவது பார்த்திருப்பேன், இருபது தடவையும் க்ளாக் என்றுதான் படித்தேன்.

எழுத்துருவைக் கோப்பாக்கிச் சிலரிடம் கொடுத்தபோது வேறு மாதிரிப் புகார்கள் வந்தன. ஒருவருடைய கணினியில் பெரிய எழுத்துகளின் தலைச் சுருள் பாதியில் கத்தரித்தது போலிருந்தது. என் கணினியில் முழுசாகத் தெரிந்தது. எழுத்துருக் கோப்பில் உச்சி எல்லை, அடி எல்லை என்று எண்கள் பதிந்திருக்கும். விண்டோஸ் செயலிகள் சிலவற்றில், ‘வின் அசென்ட்’, ‘வின் டிசென்ட்’ என்ற அந்த எண்களைத் தாண்டும் பகுதி வெட்டுப்பட்டுவிடும். எல்லையை உயர்த்தினேன். உடனே வரிகளுக்கு நடுவே லாரி போகிற அளவுக்கு இடைவெளி. கடைசியில் எல்லையைக் கொஞ்சம் ஏற்றி, சுருளைக் கொஞ்சம் இறக்கி, நடுவில் சந்தித்தோம்.

பயன்படுத்துகிறவர்களின் கைவண்ணம் இன்னொரு பாடம். ஒருவர் அழைப்பிதழ் முழுவதையும், முகவரி, நேரம் உட்பட, இந்த எழுத்துருவிலேயே அடித்துக் கொடுத்தார். வந்தவர்கள் பாதிப் பேர் ஏழு மணியை ஒன்று என்று படித்ததாகச் சொன்னார். இன்னொருவர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போட்டார். அலங்காரப் பெரிய எழுத்து ஒரு சொல்லின் முதலில் நிற்கத்தான் வரையப்பட்டது, ஏழு பேர் தோளோடு தோள் நின்றால் முள்வேலி. வலைப்பக்கத்தில் எழுத்து இடைவெளியை விரித்து வைத்த ஒருவர், லிகேச்சர்கள், அதாவது இரண்டு எழுத்து ஒட்டி ஒன்றாகும் கூட்டெழுத்துகள், வேலை செய்யவில்லை என்றார். இடைவெளியை மாற்றினால் உலாவிகள் கூட்டெழுத்துகளை நிறுத்திவிடும், அது பிழையில்லை.

இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது: இரண்டு முதல் நான்கு சொல், 36 பாயிண்ட் அளவுக்குக் கீழே வேண்டாம், மற்ற எல்லாவற்றுக்கும் பக்கத்தில் வாய் திறக்காத ஒரு எழுத்துரு. அவசியமான தகவல் எதையும், தேதி, நேரம், எண் எதையும், குறும்பு எழுத்திடம் ஒப்படைக்க வேண்டாம். நிழல், விளிம்புக்கோடு, பளபளப்பு எதையும் மேலே பூச வேண்டாம், சுருள் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அச்சுக்கு அனுப்பும் முன் எழுத்தை வடிவக் கோடாக மாற்றி அனுப்புங்கள், மாற்றாத பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நான் இதைச் செய்யாமல் அனுப்பி, அச்சகத்தின் கணினியில் என் எழுத்துரு இல்லாததால், தலைப்பு வேறு ஏதோ அலுவலக எழுத்தில் வந்து சேர்ந்தது. அதையும் ஒட்டினோம், வேறு வழி?

நாடகம் அடுத்த முறை அரங்கேறியபோது சுவரொட்டியைத் திருத்திய எழுத்தில் புதிதாகச் செய்தேன். சி இப்போது கொடியில்லாமல் ஒழுங்காக நிற்கிறது. ஓ சற்றுக் குதித்திருக்கிறது. கே எழுத்தின் கால் மட்டும் சொல்லுக்குக் கீழே ஓடி, திரும்பி, சின்னக் குமிழில் முடிகிறது. ஒட்டிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றேன், இந்தத் தடவை ரசிக்க இல்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பெண் குழந்தை எழுத்துக்கூட்டி ‘க்ளாக்’ என்று படித்தாள். படித்துவிட்டு, “கடிகாரத்தில் ஏன் பாம்பு இருக்கிறது?” என்று கேட்டாள். கே காலைத் திருத்தலாமா என்று வீட்டுக்கு வந்து மென்பொருளைத் திறந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குமிழில் ஒரு கண் மட்டும் வைத்துச் சேமித்தேன்.